அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுதும் நன்றி மடல்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரில் எனக்கு நடக்கவிருக்கும் உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நல்லபடியாக வீடு திரும்பிய பிறகு நன்றி சொல்வதுதானே முறை என்று அம்மா கேட்டார். அப்போது எழுதினால் அந்த நன்றி சிகிச்சையின் பலனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இருபத்து நான்கு வயதில், எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத ஒரு முடிவை அவசரமும் அச்சமும் இல்லாமல் எடுப்பதற்கு எனக்கு இடம் கொடுத்தவர்களுக்கு, பலன் எதுவாக இருந்தாலும், அந்த முடிவின் பேரிலேயே நன்றி சொல்ல விரும்புகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர்க் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தின் மருத்துவருக்கும், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிக்கும் உரியது. என் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்ததை அழுக்கு என்றே பலரும் சொல்லித் தேய்த்துக் குளிக்க அறிவுரை கூறிவந்தார்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில் இப்படிக் கறுப்பதுண்டு என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றவர் சேச்சிதான். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன் என்பதும், மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போனதற்குக் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை காரணம் என்பதும் அப்போது தெரியவந்தன. 158 செ.மீ. உயரத்துக்கு 109 கிலோ எடை, அதாவது உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 43-க்கும் மேல். அந்த எண்ணைச் சொன்ன மருத்துவர் அதோடு ஒரு வசைச்சொல்லையும் சேர்க்காமல் விட்டது எனக்கு அதுவரை கிடைத்திராத அனுபவம். தைராய்டு குறைபாடு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த பேச்சுக்குப் போனார்.

கோவையில் நாங்கள் முதலில் சென்ற ஓரிடத்தில், அந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றார்கள். வயிற்றை வெட்டிக்கொள்வதற்கு ஆடித் தள்ளுபடியா என்று அப்பா அங்கிருந்து எழுந்து வந்துவிட்டார். அவர் எழுந்ததற்கும் இந்த மடலில் நன்றி சொல்கிறேன்.

பிறகு கிடைத்த அறுவை மருத்துவர் எங்களைச் சம்மதிக்க வைக்க முயலவே இல்லை. யாருக்கு இந்த சிகிச்சை என்பதற்கு 1991-இல் அமெரிக்காவில் வகுத்த வரையறை 40 என்ற குறியெண்ணை, அல்லது துணை நோய்களோடு 35-ஐக் கேட்டது என்றும், 2022-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் துணை நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றும் ஆசியர்களுக்கு அதைவிடக் குறைவான அளவிலேயே பரிசீலிக்கலாம் என்றும் சொல்வதை விளக்கிவிட்டு, தகுதி இருப்பதும் தேவை இருப்பதும் வெவ்வேறு என்று நிறுத்தினார். சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது 2007-இல் வெளியானது என்றவர், அதில் சேர்க்கப்பட்டவர்கள் 37 வயது முதல் 60 வயது வரையிலானவர்கள் என்பதையும் தாமாகவே சொன்னார். என் வயதில் செய்துகொள்பவர் அதன் பின்விளைவுகளோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ வேண்டியிருக்கும். தமக்குச் சாதகமான ஆய்வின் எல்லையைத் தாமே காட்டும் மருத்துவரிடம் உடலை ஒப்படைக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்துக் குழாய்போல் ஆக்கும் முறையையே நான் மனத்தில் வைத்திருந்தேன். எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகு, எனக்கு ஏற்கெனவே இருக்கும் எதுக்களிப்பை அந்த முறை மோசமாக்கக்கூடும் என்று சொல்லி, சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை இரைப்பையிலிருந்து பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையை விளக்கினார். கசிவு, இரத்தப்போக்கு, நுரையீரலை அடைக்கும் இரத்தக்கட்டி ஆகியவை அரிதாக நேரலாம் என்பதையும், இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12, டி ஆகியவற்றை ஆயுள் முழுதும் மாத்திரையாக எடுக்க வேண்டும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. 2025-இல் இந்தியாவுக்கு வந்த, வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். அவற்றால் எடை நன்றாகக் குறைகிறது, நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, என் அளவிலுள்ள எடைக்கு அறுவையின் குறைப்பு பொதுவாக அதிகம் என்பதே அவர் சொன்னதன் சாரம். மாதாமாதம் ஊசிக்கு ஆகும் செலவைக் காலம் முழுதும் தாங்க முடியுமா என்ற கணக்கை நாங்கள் வீட்டில் உட்கார்ந்து போட்டோம்.

மாமாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "நடந்தாக் கொறையாதா கண்ணு?" என்று அவர் கேட்டதில் ஏளனம் இல்லை, கவலைதான் இருந்தது. உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஓராண்டுக்குப் பின்னும் உயர்ந்தே இருந்ததாக 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வை மருத்துவர் எடுத்துக்காட்டியபோது, மாமா அமைதியாகக் கேட்டுவிட்டு வேறு கேள்விக்குத் தாவினார். கல்யாணமாகி வேறு ஊர் போனால் மாத்திரையை யார் நினைவூட்டுவது? வேலை போய் இரத்தப் பரிசோதனைக்குப் பணமில்லாமல் போனால் என்ன ஆகும்? கர்ப்பம் தரித்தால்? அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்ற செய்தி அந்தக் கடைசிக் கேள்வியால்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. எதிர்த்தவர் கேட்ட அளவுக்கு ஆதரித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. மாமாவின் கேள்விகளுக்குப் பதில் தேடித் தேடியே என் முடிவு உறுதிப்பட்டது.

மனநல ஆலோசகர் கேட்டது ஒன்றே ஒன்று: வரன் பார்க்கும் பேச்சு வீட்டில் இல்லாமலிருந்தால் இதைச் செய்துகொள்வாயா? அன்று பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை, அறுவைக்கான சான்றிதழையும் எழுதித் தரவில்லை. அந்தத் தாமதத்துக்காக அவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். மாடி ஏறும்போது வாங்கும் மூச்சும், உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டு விழித்துக்கொள்ளும் இரவுகளும் எந்த வரனோடும் தொடர்புடையவை அல்ல என்று தெளிந்த பிறகே மறுபடி சென்றேன். அதுவரை வரன் பேச்சை நிறுத்தி வைக்கச் சொன்ன, அம்மாவின் அம்மாவான அமுச்சிக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்ட பொள்ளாச்சி அக்கா தம் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டினார். நான்காம் மாதம் முடி கொட்டியதையும், தொங்கிய தோலையும், கல்யாண வீட்டில் ஒரு கிண்ணம் பாயசம் குடித்துவிட்டுப் படபடப்பும் வியர்வையுமாகப் படுத்துக்கிடந்ததையும், குறைந்த எடையில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னார். மீண்டும் முடிவெடுக்க நேர்ந்தாலும் செய்துகொள்வேன் என்றார், ஆனால் நீயும் செய்துகொள் என்று சொல்லவில்லை.

உணவியல் நிபுணர் ஓட்ஸும் அவகாடோவும் எழுதிய தாளைத் தராமல், எங்கள் வீட்டில் என்ன வேகிறது என்று அம்மாவிடம் கேட்டார். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பதை முட்டை, கொள்ளு, பாசிப்பயறு, தயிர், மீன் என்று பிரித்துக் கொடுத்து, தட்டில் புரதத்தை முதலில் உண்ண வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பழக்கினார். கஞ்சிக்கோட்டில் நான் கணக்கு பார்க்கும் தொழிற்சாலையின் மூத்த சக ஊழியர், காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்துகளை வரிவரியாகப் படித்து, 18 வயது நிறைவு, குறியெண் 40 அல்லது அதற்கு மேல், மருத்துவரின் பரிந்துரை என்ற நிபந்தனைகள் எனக்குப் பொருந்துவதை உறுதிசெய்து தந்தார்.

இப்போது கல்லீரலைச் சுருக்குவதற்கான உணவுமுறையில் இருக்கிறேன். பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் பழங்களும் வாங்கி வர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரங்களில் நீராகாரம் மட்டும்தான், அதுவும் மிடறு மிடறாக. மருத்துவமனையில் துணைக்கு இருக்க மாமாதான் வருகிறார். கேட்பதற்கு இன்னும் சில கேள்விகள் மிச்சம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்.