ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு

கிருஷ்ணகிரி,
12-4-2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் பங்குனி உத்திரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. தலைமை ஆசிரியை ஆகிவிட்ட செய்தியை மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கிறாயே, அடி கெட்டிக்காரி! வாழ்த்துகள். இனிமேல் பாடம் நடத்துவதற்கு நடுவே எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம் செய்வாயா, எமிஸ் பதிவேற்றத்துக்கு நடுவே பாடம் நடத்துவாயா என்பதை ஜூலை மாதம் எழுது, பார்க்கலாம்.

ஆண்டு முடிவில் பெற்றோருக்குக் கொடுக்கும் அறிவிப்பின் நகல் கேட்டிருந்தாய். அனுப்புவதற்கு என்னிடம் தாள் எதுவும் இல்லை. வேப்பனப்பள்ளிப் பக்கம் எப்படி என்று உனக்குத் தெரியாததா? ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கொஞ்சம் கன்னடம், பள்ளிக்கு வந்தால் தமிழ். அச்சடித்துக் கொடுக்கும் தாள் பிள்ளையின் பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்து, கடைசியில் புளிப் பொட்டலமாகிவிடுகிறது. அதனால் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே போட்டுவிடுகிறேன். முதலில் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த தெலுங்கில். என் தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே இரண்டாம் முறையும் போட்டுக் கேட்கிறார்களாம். எப்படியோ காதில் விழுந்தால் சரி.

தேதிகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவேன். வெயில் காரணமாகத் தேர்வை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டதால் 17-ஆம் தேதியோடு எல்லாம் முடிகிறது. ஜூன் 2 பள்ளி திறப்பு. புத்தகமும் நோட்டும் பள்ளியிலேயே கிடைக்கும், கடையில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அவ்வளவுதான். ஆனால் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் மட்டும் மூச்சு நீண்டுவிடுகிறது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன; ரேங்குக்குப் பதில் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள்தான் என்று எவ்வளவு விளக்கினாலும், "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், முதல் ரேங்க் யார்?" என்ற கேள்வி வராமல் போவதில்லை. மலர் நிலைக்கு வந்த பிள்ளையின் அப்பாவே முகம் வாடி நிற்கிறார், ரேங்க் இல்லையே என்று!

இந்த ஆண்டு புதிதாக ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் வகுப்பில் தேறாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்களாமே என்று நடுங்குகிறார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி செய்தது உண்மைதான். நம் மாநிலப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை அப்படிச் செய்வதில்லை என்று அரசு உடனே அறிவித்ததும் உண்மை. முதல் பாதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது, இரண்டாம் பாதியை நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் விஷயத்தை நீ மறந்துவிடாதே. பிறப்புச் சான்றிதழில் சந்தியா, ஆதாரில் சந்த்யா, எங்கள் பதிவேட்டில் சந்தியம்மா. மூவரும் ஒரே பெண். தலைப்பெழுத்து வேறு, தெலுங்கு வீடுகளில் சிலர் குடும்பப் பெயரை முன்னால் சேர்ப்பார்கள், சிலர் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடுகிறது. மாற்றுச் சான்றிதழில் எந்தப் பெயர் போகிறதோ அதுவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை தொடர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு திருத்த அலைவது எத்தகைய பாடு என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆகவே ஏப்ரலிலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஐந்து வயது நிறைந்தால் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த அட்டையிலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்குத் தொடங்கப் போகும்போதுதான் விழிப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் எங்கள் உதவி ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார், இப்போதைக்கு முடியாது என்று தெரியும். உங்கள் ஊரில் காவிரி வாய்க்காலில் வருகிறது. எங்களுக்கு அதே காவிரி ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் மேடேறி வருகிறது. 2013-இல் அந்தத் திட்டம் வருவதற்கு முன் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணறுதான் கதி. நம் வகுப்புத் தோழிகளில் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், நினைவிருக்கிறதா? பல்லில் அந்தப் பழுப்புத் திட்டு, எல்லாம் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இங்குள்ள பாறை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கோடையில் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டு வரும். உடனே பழைய போர்வெல்லுக்குப் போய்விடுகிறார்கள். கவனமான தாய்மார்கள் அதைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலம் ஏறக்குறைய எட்டு வயது வரை. அதாவது என் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வருகிற குழாய்த் தண்ணீர் ஒரு குடமானாலும் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்குங்கள், போர்த் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் போதும் என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

மாம்பழக் காலத்தைத் தடுக்க நான் யார்? அப்பா அம்மா தோப்புக் காவலுக்குப் போனால் பிள்ளைகளும் குடிசையில் போய் இருப்பார்கள். 1953-இல் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டவர் நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. மறு ஆண்டே காமராஜர் அதைத் தூக்கி எறிந்தார். எங்கள் ஊரில் மே மாதம் அதைக் கேட்பாரில்லாமல் மறுபடி கொண்டுவந்துவிடுகிறது! விடுமுறைதானே என்று சும்மா இருந்துவிடுகிறேன், ஜூன் கடைசி வரை நீண்டால்தான் சண்டைக்குப் போகிறேன். என் கவலை கிணறு. தோப்புக்குத் தோப்பு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. போகாதே என்றால் போவார்கள். எனவே வேறு ஒன்றைப் பழக்குகிறோம்: கூட வந்தவன் தண்ணீரில் தத்தளித்தால் நீ குதிக்காதே, சேலையோ கயிறோ நீளக் கொம்போ வீசு, பெரியவர்களைக் கத்திக் கூப்பிடு. பள்ளி வாசலில் சேலையை வீசி வீசிப் பழகினோம். இரண்டாம் வகுப்பு வாண்டு ஒருத்தி, "உங்களை இழுக்க முடியாது டீச்சர், கனமாக இருப்பீர்கள்" என்றாள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை மட்டும் தனியே உட்கார வைக்கிறேன். வசந்தி, உன் அறிவிப்பில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் இதற்குக் கொடு. ஏப்ரல் பிறந்ததும் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் வரத் தொடங்குகின்றன, துண்டறிக்கையோடு. ஓசூர் கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் அப்பாக்களுக்கு, ஐந்து வரை இங்கே போதும், ஆறிலிருந்து வேனில் அனுப்பலாம் என்று ஆசை. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அதற்கடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் நீண்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே ஆறிலிருந்துதான் எண்ணுகின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அவற்றில் சேர்த்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வருகிற பிள்ளைக்கு அந்த வாசல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

காசைக் காட்டிப் பள்ளியை விற்கிறோமே என்று சில நேரம் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நல்ல பள்ளி என்பதற்காக வர வேண்டும், சலுகைக்காக வரக்கூடாது என்று மேடையில் பேசலாம். மாதக் கூலியை எண்ணிப் பார்க்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்படிப் பேச வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு பாட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "தாலிக்குத் தங்கம் கொடுப்பார்களே, அதற்கு எதுவரை படிக்க வேண்டும்?" என்று கேட்டாள். அந்தப் பணம்தான் இப்போது கல்லூரிக்கு மாறிவிட்டது பாட்டி என்றேன். உங்கள் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவியைத்தான் 2022-இல் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். பாட்டிக்கு அது நட்டமாகவே பட்டது. "கல்யாணம் நிற்காதே, டீச்சர்" என்றாள். இந்த மாவட்டத்தில் அது நிற்காது என்பதுதான் என் பயமும். ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிற பெண்களின் பாதை, பஸ் இல்லாத ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்கு நடக்கும் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனவே எந்தப் பள்ளி என்று கேட்பதோடு நிற்காமல், யாரோடு போவாள், எந்த பஸ், பஸ் தவறினால் என்ன செய்வாள் என்பது வரை கேட்டுத் தோழிகளாகச் சேர்த்துவிடுகிறேன். மூன்று பேர் சேர்ந்து போனால் ஒருத்தி நிற்பது கடினம்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் சின்ன விஷயம் காலை உணவு. 2023 ஆகஸ்டிலிருந்து எங்கள் பிள்ளைகள் பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் பள்ளியில்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் காலையில் அடுப்பு மூட்டும் பழக்கமே சில வீடுகளில் போய்விட்டது. திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை முன்பைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டும், முன்பைவிடத் தூரம் போக வேண்டும், அதுவும் வெறும் வயிற்றோடு. மதியச் சத்துணவு அங்கும் உண்டு, ஆனால் மதியம் வரை? ஜூனிலிருந்து பழையதாவது கரைத்துக் கொடுத்து அனுப்புங்கள் என்று அம்மாக்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கும் நீட்டிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்கிறேன், குறித்துக்கொள்கிறார்கள்.

என் வீட்டுச் செய்தி சுருக்கமாக. மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு மே மாத முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கால்நடை மருத்துவம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆறிலிருந்து அரசுப் பள்ளிதான் என்பதால், "உங்கள் பிள்ளை எங்கே படித்தது டீச்சர்?" என்று யாராவது மடக்கும்போது என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறது. அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாம்பழத்தை ஒளித்து வைக்கும் வேலை எனக்குச் சேர்ந்திருக்கிறது.

மே மூன்றாம் வாரம் வருவதாக எழுதியிருந்தாய். செந்தூரா அதற்குள் முழுவதும் வந்துவிடும். மல்கோவாவுக்காக இன்னும் சில நாள் தள்ளி வந்தாலும் சந்தோஷமே. அம்மாவுக்கு ஊறுகாய்க்குக் காய் வேண்டுமானால் இப்போதே எழுது. பெங்களூரா பழுத்தால் கூழ் ஆலைக்குப் போய்விடும், அப்புறம் கேட்டால் கிடைக்காது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி