மேனேஜராக இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். அமெரிக்கக் கம்பெனிகளில் பத்துப் பதினைந்து பேரைக் கட்டி மேய்க்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். நான் மேய்க்கப்படுகிற கூட்டத்தில் ஒருவன். எச்1பி விசாவில் வந்து ஏழு வருடமாகிறது.

ஒரு நாள் மதியம், பேன்ட்ரியில் மைக்ரோவேவுக்கு முன்னால் நாலு பேர் டப்பாவோடு வரிசையில் நின்றோம். ஒரே டீம், ஒரே வேலை. பேச்சுவாக்கில் சம்பளக் கணக்கு வந்துவிட்டது. எங்களில் ஒருவருக்கு மற்றவர்களைவிட வருடத்துக்குப் பதினோராயிரம் டாலர் குறைவு. அவர் டப்பாவைச் சுடவைக்காமலே சாப்பிட்டார். நாலு பேரும் சேர்ந்தே போய்க் கேட்பது என்று முடிவெடுத்தோம். சாயங்காலம் எங்கள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நம்ம ஊர்க்காரர், நல்ல மனுஷன். "தம்பி, சம்பள விஷயத்தை வெளியே பேசக்கூடாதுன்னு பாலிசி இருக்கு. உங்களுக்கு விசா வேற இருக்கு, பார்த்துக்குங்க. யார் ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மூன்றே வாக்கியம். முதலாவது தடை, இரண்டாவது மிரட்டல், மூன்றாவது துருவிக் கேட்பது. அமெரிக்காவின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் முதலாளி தரப்பு செய்யக்கூடாது என்று வைத்திருக்கும் காரியங்களில் மூன்றை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அவருக்கு அது தெரியாது என்றே நம்புகிறேன். அதனால்தான் இந்த மடல்.

1935 ஜூலை 5 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் அது. சங்கம் அமைக்கலாம், சேர்ந்து பேரம் பேசலாம் என்பதோடு அதன் 7ஆம் பிரிவு நிற்கவில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது உட்பட, பரஸ்பர நலனுக்காக ஊழியர்கள் கூட்டாக எடுக்கும் மற்ற முயற்சிகளுக்கும் காப்பு தருகிறது. சங்கமே இல்லாத இடத்திலும்தான்.

பால்டிமோரில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 1959 ஜனவரியில் ஒரு காலை, ஃபாரன்ஹீட்டில் 11 டிகிரி குளிர். அலுமினியம் பட்டறை ஒன்றில் வெப்பமூட்டும் பெரிய உலை முந்தின இரவே படுத்துவிட்டது. நடுங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகளைப் பார்த்து, தைரியம் இருந்தால் வீட்டுக்குப் போவார்கள் என்று அவர்களுடைய போர்மேனே சொல்லியிருக்கிறார். ஏழு பேர் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கே வேலையும் போனது. அவர்களுக்குச் சங்கம் கிடையாது. 1962இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் வெளியேறியது 7ஆம் பிரிவின் காப்புக்குள் வருகிறது, நீக்கியதுதான் தவறு என்று தீர்த்தது.

விசாவில் இருப்பவனுக்கும் இதே உரிமைதான். ஆனால் வேலை போனால் எங்களுக்கு அறுபது நாள் அவகாசம், அதற்குள் வேறு இடம் பார்க்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அந்த பயத்தின் எடை உங்களுக்குத் தெரியும். உங்களில் பலரும் அதைச் சுமந்து வந்தவர்கள்தானே.

டீமில் முப்பது சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டால், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பான தொழிலாளர் உறவு வாரியத்திடம், சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று தேர்தல் கேட்கலாம். அப்போது "எனக்குச் சங்கம் பிடிக்காது" என்று சொல்ல உங்களுக்கும் சட்டம் இடம் தருகிறது. அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். மிரட்டாதீர்கள், வேவு பார்க்காதீர்கள், சம்பள உயர்வைக் காட்டி ஆசை காட்டாதீர்கள். அவ்வளவுதான்.

உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1947 திருத்தத்துக்குப் பிறகு மேற்பார்வையாளர்களுக்கு இந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. (பெயரில் 'லீட்' இருந்தால் மட்டும் போதாது. ஆளை எடுக்கவோ, நீக்கவோ, தண்டிக்கவோ சொந்த முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.) கம்பெனிக்காக நீங்கள் பேசுகிறீர்கள், கம்பெனி நினைத்தால் உங்களையும் அனுப்பிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு முக்கியமானது: இந்தச் சட்டம் தடுக்கிற காரியத்தைச் செய்ய மாட்டேன் என்று மறுத்ததற்காக உங்களை நீக்கினால், அந்த நீக்கம் செல்லாது. 1982இல் வாரியமே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆகவே, "யார் பேசறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று எச்.ஆர். கேட்டால், அதையே ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் வராது.

சட்டத்துக்குப் பல் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். தவறு செய்த கம்பெனிக்கு அபராதம் கிடையாது. பெரும்பாலும் வேலையைத் திரும்பக் கொடு, இழந்த சம்பளத்தைக் கொடு என்பதோடு சரி. அதிலும் இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வார்கள். 2025இல் உறுப்பினர் எண்ணிக்கை போதாமல் வாரியம் மாதக்கணக்கில் தீர்ப்பே சொல்ல முடியாமல் கிடந்தது. பல் இல்லாத சட்டம் என்பதால்தான், அதை முதலில் மீறச் சொல்லப்படுகிற உங்களிடம் வருகிறேன்.

புகார் கொடுக்க ஆறு மாதம் கெடு. எங்கள் நாலு பேருக்கும் அது தெரிய வந்தது எட்டாவது மாதத்தில். பதினோராயிரம் குறைவாக வாங்கியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மேனேஜரோடு இன்றும் காபி குடிக்கிறேன். இந்த மடலை அவருக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மைக்ரோவேவ் வரிசையில் நின்ற நாலு பேரில் ஒருவன்