கிரிம்பிங் டை விலையும், சுற்றி வருகிற அந்தக் குரல் பதிவும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் திருச்செங்கோட்டிலிருந்து வணக்கம்.

ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு இருக்கிற உங்களில் பலர் இதைப் போனில்தான் படிப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீல் விலையும் பதம் போடுகிற கூலியும் ஏறிக்கொண்டே போவதால், ஹைட்ராலிக் ஹோஸின் (அழுத்தத்தோடு எண்ணெய் போகிற ரப்பர் குழாய்) முனையில் இரும்புக் கேப்பை இறுக்கி அடிக்கிற கை பம்ப் பிரஸ்ஸுக்கான டை செட் (எட்டுத் துண்டு அச்சு) விலையை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கூட்ட வேண்டியிருக்கிறது. ஏற்கனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

விலையைவிட மனதுக்குக் கஷ்டமாக இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் குரல் பதிவு. எங்கள் டையில் அடித்த ஹோஸ், சைட்டில் கேப்பை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டதாம், டை மட்டமாம். நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசியவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், அவர் மேல் கோபமில்லை, ராத்திரியில் போர் பாதியில் நின்றால் யாருக்கும் அந்தப் பேச்சு வரும். ஆனால் அந்த ஹோஸ் துண்டைக் கடைக்கு வரவழைத்துப் பார்த்தோம், பார்த்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அது அரை இஞ்ச், இரண்டு கம்பி ஹோஸ், அதாவது ரப்பருக்குள் இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல் உள்ளது. கேப் மேல் வெர்னியர் (விட்டம் அளக்கிற கருவி) வைத்தால் 27 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. அந்தக் கேப் செய்த கம்பெனியின் சார்ட் (அடித்த பிறகு கேப் என்ன அளவில் நிற்க வேண்டும் என்கிற பட்டியல்) கேட்பதோ 25.4. அடித்தது 27-ம் நம்பர் டையில். டை மேல் குத்தியிருக்கிற நம்பர், எட்டுத் துண்டும் முழுக்க மூடினால் நடுவில் நிற்கிற துளையின் அளவு. 27 டையை எவ்வளவு பம்ப் அடித்தாலும் 27-க்குக் கீழே போகாது. 25.4-க்கு 23 டைதான் போட வேண்டும், அதை முழுக்க மூடாமல் 2.4 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். அரை இஞ்ச் இரண்டு கம்பி ஹோஸுக்கு வேலை அழுத்தம் 275 பார், அது வெடிக்கக் குறைந்தது அதைப்போல் நாலு மடங்கு வேண்டும். கேப் இறுகாமல் இருந்தால் ஹோஸ் வெடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே உருவிவிடும். இதில் டையின் தரத்தைப் பேச என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, அப்போ சின்ன டையாகப் போட்டுவிட்டால் பயமில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். 19 டையை அகலமாகத் திறந்து வைத்து அதே கேப்பை அடித்தால், டையின் வளைவு கேப்பின் வளைவோடு ஒட்டாது, துண்டுகளின் ஓரம் மட்டும் கடிக்கும், கேப் மேல் எட்டு வரப்பு நிற்கும். வெர்னியரை ஒரு பக்கம் வைத்தால் ஓர் அளவு, திருப்பி வைத்தால் வேறு அளவு. இன்னும் போட்டு இறுக்கினால் ஹோஸுக்குள் நுழைந்திருக்கிற நிப்பிள் குழாய் நசுங்கி எண்ணெய் போகிற வழி குறுகிவிடும். அதனால் வேண்டிய அளவுக்குக் கீழே, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற நம்பர்தான் சரியான டை. அடித்த பிறகு கேப்பின் நடுப்பகுதியில், வரப்பு மேல் படாமல், குறைந்தது மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்.

டை வாங்க வரும்போது ஹோஸ் அளவை மட்டும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவதும் இதற்காகத்தான். ஒரு கம்பியா, இரண்டு கம்பியா, நாலு கம்பி ஸ்பைரலா, மேல் ரப்பரைச் சீவிப் போடுகிற கேப்பா, சீவாத கேப்பா, எந்தக் கம்பெனி என்பது வரை தெரிந்தால்தான் டை நம்பர் சொல்ல முடியும். ஒரு கம்பெனி கேப்பை இன்னொரு கம்பெனி ஹோஸில் போட்டால் சார்ட்டே பொருந்தாது. நாலு கம்பிக்குக் கேப்பும் நீளம், அதற்கேற்ற நீளமான டை வேண்டும், குட்டை டையில் இரண்டு தடவையாக அடிப்பது வேண்டாம். வண்டியில் ஓடுகிற ஹோஸ் எல்லாம் என்னென்ன என்று எழுதிக் கொண்டுவாருங்கள், பெரும்பாலான வண்டிக்கு மூன்று நாலு செட்டே போதும், எட்டு செட் வாங்கிப் பெட்டியில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. இதைச் சொல்லி வியாபாரத்தைக் குறைத்துக்கொள்கிற கடையைத்தான் காசுக்கு மட்டமான டை விற்கிறது என்கிறார்கள்.

இன்னொன்று, உருவிய கேப்பை மறுபடி அடித்துப் போடவே போடாதீர்கள். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வருகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி போய், உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரஸ்ஸில் நின்ற நம் தம்பி சொந்தமாகக் கடை போட்டுவிட்டார், நன்றாக இருக்கட்டும். புது ஆள் பழகும் வரை ஞாயிறு கடை இல்லை, பிரித்த டை செட்டைத் திருப்பி எடுப்பதும் இனி இல்லை.

பதிவைக் கேட்டுவிட்டு, அதை யாருக்கும் அனுப்பாமல் முதலில் எங்களுக்குப் போன் போட்டுக் கேட்டவர்கள் நிறையப் பேர். போர் சீசன் படுத்த வருஷங்களிலும் பாக்கி வைக்காமல் வந்து கணக்கு முடித்தவர்களும் நீங்கள்தான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சந்தேகமாக இருக்கிற ஹோஸ் எதுவானாலும், எங்கே அடித்ததானாலும், கொண்டுவாருங்கள், அளந்து சொல்கிறோம், அதற்குக் காசு இல்லை. சைட்டில் இருப்பவர்கள் வெர்னியரைக் கேப் மேல் வைத்த நிலையில் படமும், ஹோஸ் மேல் அச்சடித்திருக்கிற எழுத்தின் படமும் அனுப்பினால் டை நம்பரைப் போனிலேயே சொல்லிவிடுவோம்.