குளிரின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகக் குளிரில் பீனிசம் சகஜம், ஆவி பிடித்தாலே போதும், முகத்தை வெட்டும் சத்திரசிகிச்சை எதற்கு என்று கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தது. மனம் நொந்து இதை எழுதுகிறேன்.

என் அம்மாவிடமும் வருடக்கணக்காக எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். வலது மூக்கில் மட்டும் சளி, தாங்க முடியாத நாற்றம், வலது கன்னத்தில் பாரம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அம்மா வரிசையின் கடைசியில் நிற்கப் பழகிவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அமொக்சிலின் என்ற கிருமிக்கொல்லியும் பிரிடோன் என்ற ஒவ்வாமைக் குளிசையும் கொடுத்து, குளிரில் நிற்காதே என்று அனுப்புவார்கள். கொழுந்து எடுப்பவள் வேறு எங்கே போய் நிற்பாள்?

கடைசியில் கண்டியில் சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் கன்ன எலும்பில் உள்ள சைனஸ் என்ற காற்றறைக்குள் கல் இருப்பது தெரிந்தது. எப்போதோ கடைவாய்ப்பல் பிடுங்கியபோது உடைந்த வேர்த்துண்டு உள்ளே போய், அதன் மேல் சுண்ணாம்பு உப்புகள் படிந்து இறுகியிருக்கிறது. சிலருக்குப் பூஞ்சைக் கட்டியிலும் இப்படிப் படியுமாம். பிள்ளைகள் மூக்கில் திணித்துக்கொள்ளும் மணி, புளியங்கொட்டையைச் சுற்றி மூக்குக்குள்ளேயே கல் வளர்வதும் உண்டு. இவையெல்லாம் ஆவியில் கரையாது, குளிசையிலும் கரையாது. எடுக்கத்தான் வேண்டும்.

முகத்தை வெட்டுவார்கள் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்? 1890களில் வந்த கால்ட்வெல்-லூக் என்ற பழைய சத்திரசிகிச்சை முறையில்கூட மேலுதட்டுக்கு உட்புறம்தான் கீறினார்கள். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. உள்ளே பார்க்க உதவும் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள எண்டோஸ்கோப் என்ற குழாயை மூக்குவழியே விட்டு, சைனஸின் வாசலை அகலமாக்கி, கல்லை எடுத்துக் கழுவிவிடுகிறார்கள். பெரிய கல் என்றால் உள்ளேயே உடைத்து எடுப்பார்கள். அம்மாவின் கல்லைச் சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பு நிறம், சொரசொரப்பு, கொத்தமல்லி விதை அளவுதான். அப்புறம் அந்த நாற்றமே இல்லை.

கிளினிக் போகும் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் கிடைக்காது என்பது தாங்கள் அறியாததல்ல. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அம்மா கைநாட்டு வைத்த சம்மதப் படிவத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. டிஸ்பென்சரி பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தையும் தாங்கள் போடவில்லை. மலையக மக்களின் பத்திரிகை என்று நம்பித்தான் வாங்குகிறோம், ஐயா.

எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை காது, மூக்கு, தொண்டை கிளினிக் நடக்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமோ இரத்தமோ வந்தால் ஆவி பிடித்துக்கொண்டு இருக்காமல் நிபுணரிடம் காட்ட வேண்டும், கட்டியாகவும் இருக்கலாம் என்பதையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் எங்கள் வீட்டுக் கதையை வெட்டிவிட்டு இந்த வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை