கடற்கரையோரம் ஒரு நாள் நடை: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேலத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிப் போய், கடற்கரையோரம் ஒரு நாள் நடக்க வைக்கப் போகிறோம் என்று போன வாரக் கூட்டத்தில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "நடக்கறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணுங்களா சார்? நமக்கு ஏற்காடு இல்லீங்களா?" அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்ல வேண்டியது தோன்றியது. அதனால் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டேன். பாதிக் கைகூட எழவில்லை. பேருந்தில் கூட்டிப் போய் மெரினாவில் இறக்கி, சுண்டல் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருவது எளிது. அப்படி இரண்டு முறை செய்தும் இருக்கிறோம். வந்தவர்களிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் "கூட்டம் சார்" என்றார்கள். இந்த முறை வழியைப் பிள்ளைகளே போடட்டும் என்று வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

முதலில் அவர்கள் போட்டது நேர்க்கோடு. சென்ட்ரலில் தொடங்கிக் கடலை ஒட்டியே பெசன்ட் நகர் வரை ஒரே கோடு. இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி வந்து, "சார், நடுவுல ஆறு வருது" என்றாள். அடையாறு கடலில் கலக்கும் இடம் அது. அங்கே மீனவர்கள் கடப்பதற்காக ஒரு பாலம் இருந்தது. 1977 வெள்ளத்தில் உடைந்துபோய், மிச்சம் மட்டும் இன்றும் நிற்கிறது. கரையோரமாகவே போனால் பட்டினப்பாக்கத்தோடு வழி முடிந்துவிடும். உள்ளே திரும்பி, திரு.வி.க. பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறுபடி கடலுக்கு வர வேண்டும். அந்தச் சுற்றையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். உடைந்த பாலத்தின் பக்கம் யாரும் போகப் போவதில்லை. படம் எடுக்க ஆசைப்படுவார்கள் என்று தெரியும், அனுமதி கிடையாது.

நாளைக் குறிப்பதிலும் பிள்ளைகள் தடுமாறினார்கள். பொங்கல் விடுமுறை என்றார்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. ஜனவரிக் கடைசி என்றார்கள். குடியரசு தின அணிவகுப்பு காமராஜர் சாலையில் நடப்பதால் ஒத்திகை நாட்களில் அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள். மார்ச் வந்தால் தேர்வும் வெயிலும். ஆகவே பிப்ரவரி முதல் சனிக்கிழமை.

வெள்ளி இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சேலம் ஜங்ஷனிலிருந்து கிளம்புகிறோம். சென்ட்ரலில் இருட்டோடு இறங்கினாலும் விடியும்வரை நிலையத்தை விட்டு வெளியே வர மாட்டோம். காலை 6.15க்கு முதல் அடி. தீவுத்திடல் வழியாக நேப்பியர் பாலம், அங்கிருந்து மெரினா, கலங்கரை விளக்கம், சாந்தோம். உச்சி வெயிலில் நடக்காமல் பதினொன்றரைக்கு நிறுத்திவிடுவோம். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் பேசி வைத்திருக்கிறோம். அவர்கள் மரத்தடியில் சாப்பாடு, ஒன்றரை வரை ஓய்வு. பிறகு மீதி வழி. நான்கு மணிக்குள் பெசன்ட் நகர். அங்கிருந்து பேருந்தில் சென்ட்ரல், இரவு அதே ரயில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

ஏற்காடு இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். டிசம்பரில் நானும் இரண்டு ஆசிரியர்களும் இந்த வழியை நடந்து பார்த்தோம். தீவுத்திடல் அருகே, கால் வைக்கும் அங்கவடி இல்லாத குதிரையில் தாமஸ் மன்றோ சிலையாக உட்கார்ந்திருக்கிறார். சென்னைக்காரர்களுக்கு அவர் ஒரு பழைய கவர்னர். நமக்கு அப்படியில்லை. 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது நம் பழைய சேலம் மாவட்டத்தில், கேப்டன் ரீடின் உதவியாளராக ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து வரி வகுத்தவர். விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பின்னால் மாகாணம் முழுக்கப் பரவியது; அதற்கு விதை இங்கே விழுந்தது. மெரினாவில் கலைஞர் நினைவிடமும் எம்.ஜி.ஆர். நினைவிடமும் இருக்கின்றன. இருவரும் இளவயதில் வேலை பார்த்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவை ஏற்காடு சாலையில் நம் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போகிறார்கள். சரித்திர ஆசிரியர் இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது கேட்காத காது, அந்த இடத்தில் நின்று சொன்னால் கேட்கும் என்று நினைக்கிறேன். நேப்பியர் பாலத்தில் கூவத்தின் வாடை வரும். திருமணிமுத்தாற்றைத் தாண்டிப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு அது புதிதில்லை.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயம். கண்ணங்குறிச்சி மூக்கனேரியைச் சுற்றி ஒரு சனிக்கிழமையும், அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை இன்னொரு சனிக்கிழமையும் பயிற்சி நடை போனோம். புது ஷூ போட்டு வந்த நான்கு பையன்களுக்குக் குதிகாலில் கொப்புளம். அது பெரிதில்லை, பழைய செருப்பே போதும் என்று சொல்லியாயிற்று. பெரிய விஷயம், மாணவிகள் பலர் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்கள். ஒருத்திக்குக் கோரிமேட்டில் தலை சுற்றிவிட்டது. டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதில், வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து காலையிலிருந்தே குடிக்கவில்லையாம். வழி போட்டபோது எனக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்பிறகு மொத்தத் திட்டத்தையும் கழிப்பறையை வைத்து மாற்றினோம். இரண்டு டீச்சர்கள் தனியாகச் சென்னை போய், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாவது வருகிற மாதிரி, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக் குறித்து வந்தார்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் தயங்காமல் டீச்சரிடம் சொல்லச் சொல்லுங்கள். தேவையானதெல்லாம் அவர்கள் பையில் இருக்கும். அம்மாக்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசி வையுங்கள், நான் சொல்வதைவிட அது எடுபடும்.

அடுத்தது கடல். கணுக்காலுக்கு மேல் யாரும் நனையக் கூடாது, அதுவும் ஆசிரியர் நிற்கும் இடத்தில் மட்டும். மூக்கனேரியில் நீந்தத் தெரிந்தவன் கடலிலும் நீந்துவான் என்பதில்லை. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் கரையில் நின்று பார்த்தால் எளிதில் தெரியாது. அலை அடங்கியது போல் தெரியும் இடத்தில்தான் பல நேரம் அது இருக்கும். நடை முடியும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. 1930இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்குக் கட்டியது. அதனடியில் பிள்ளைகளை உட்கார வைத்து இதைச் சொல்வேன். பிப்ரவரி பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவமும்கூட. கரையில் ஆமை ஒதுங்கியிருந்தால் தள்ளி நின்று பார்க்கலாம், தொடக் கூடாது.

யாருக்காவது முடியாமல் போனால்? மெரினாவுக்கு இணையாகப் பறக்கும் ரயில் ஓடுகிறது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என எந்த நிலையத்தில் ஏறினாலும் பூங்கா நகரில் இறங்கிச் சென்ட்ரலுக்கு வந்துவிடலாம். ஓர் ஆசிரியர் கூடவே வருவார். பாதியில் நிறுத்தியவர்களைக் கேலி செய்கிறவர் யாராக இருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மெதுவாக நடப்பவர்கள்தான் முன்னால் நடப்பார்கள்.

வெள்ளி இரவுக்குப் பொடி தடவிய இட்லியோ சப்பாத்தியோ கட்டிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும். தட்டுவடை செட்டும் வேண்டாம். போன முறை ரயில் பெட்டி முழுக்கத் துருவிய பீட்ரூட். சனிக்கிழமைச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. தொப்பி, பழகிய செருப்பு, ஒரு லிட்டர் பாட்டில், மாற்று உடை. கைச்செலவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். உள்ளவர் இல்லாதவர் என்ற பேச்சு வர வேண்டாம். பயணச் செலவு கட்ட முடியாதவர்கள் என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

வீசிங், வலிப்பு, சர்க்கரை எதுவாக இருந்தாலும் சம்மதக் கடிதத்தின் பின்பக்கம் எழுதுங்கள். மறைத்தால் எங்களுக்குத்தான் கை ஓடாது. ஆசிரியர்களோடு நான்கு பெற்றோர்களும் வந்தால் உதவியாக இருக்கும். தறியோ பட்டறையோ ஒரு நாள் விட முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். கையெழுத்திட்ட கடிதம் வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சேலம்