நீ டூப்ளிகேட் என்று சொன்ன கோவில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லபடியாகப் பொறையாறு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. நீ வாங்கித் தந்த கோட்டில் பூச்சி உருண்டை போட்டுப் பீரோவில் வைத்தாயிற்று. இதெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ஜெர்மனியில், உங்கள் டிரெஸ்டனில், அந்தப் புதன்கிழமை நீ ஷிஃப்டுக்குப் போகிற வழியில் என்னை நொய்மார்க்ட் சதுக்கத்தில் விட்டுவிட்டு, ஃப்ரவுன்கிர்ஷே கோவிலைக் காட்டி, "உள்ளே போய்ப் பாருங்கப்பா, ஆனா அது பழசு இல்ல, 2005ல கட்டி முடிச்ச டூப்ளிகேட்" என்றாய். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் போய் வந்தும் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்றாய். அந்த 'டூப்ளிகேட்' என்ற வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியராகக் கட்டட வேலை பார்த்தவன் நான். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாசலில் நம் லுத்தரன் சபைக்கு மூலமான மார்ட்டின் லுத்தர் சிலையைப் பார்த்ததுமே பாதி ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த நம் சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்நிட்ஸ் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அவர் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் கோவிலைப் பிரதிஷ்டை செய்தது 1718ல். மறு வருஷம் இறந்து அங்கேயே அடக்கமானார். டிரெஸ்டனில் இந்தக் கோவிலுக்கு அஸ்திவாரக் கல் வைத்ததோ 1726ல். நீ ஞானஸ்நானம் பெற்ற கோவில் இதைவிட மூத்தது, தெரியுமா?

ஃப்ரவுன்கிர்ஷேயைக் கட்டியவர் கேயோர்க் பேயர். அடிப்படையில் தச்சர். மரவேலை தெரிந்தவர் எல்பே நதிப் பக்கத்து மணற்கல்லில், உச்சி வரைக்கும் கல்லாலேயே ஒரு குவிமாடம் எழுப்பினார். மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி அடியில் விரிந்து நிற்கும். எடை ஏறத்தாழ 12,000 டன். அதை உள்ளே எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. நிற்குமா என்று அன்றைக்கே சந்தேகப்பட்டார்கள். 1738லேயே பேயர் இறந்துவிட்டார், வேலை முடிந்தது 1743ல்தான். முடிந்த கோவிலை அவர் பார்க்கவில்லை. 1760ல் பிரஷ்யப் படை சுட்ட பீரங்கிக் குண்டுகள் அந்த மாடத்தில் பட்டுத் தெறித்து விழுந்தன. அதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

1945 பிப்ரவரி 13 இரவு ஆங்கிலேய விமானங்களும், மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்களும் நகரத்தின் மேல் குண்டு போட்டன. 25,000 பேர் வரை இறந்தார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குண்டுவீச்சைத் தாண்டியும் இந்தக் கோவில் நின்றது. கீழறையில் ஒளிந்திருந்த சுமார் 300 பேர் உயிரோடு வெளியே வரும்வரை நின்றது. ஆனால் உள்ளே நெருப்பு பிடித்துக்கொண்டது. மணற்கல் பாரத்தைத் தாங்கும், அந்தச் சூட்டைத் தாங்காது. தூண்கள் உள்ளுக்குள் விட்டுப்போய், 15ஆம் தேதி காலை பத்து மணி வாக்கில் மாடம் அப்படியே இறங்கிவிட்டது. நெருப்பு பட்ட தூண் எப்படிப் பொரிந்து போகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த இடிபாடு நகரத்தின் நடுவிலேயே கிடந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு அதைப் போர் நினைவாக விட்டுவைத்தது. 1982ல் அதே பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து அந்தக் கற்குவியல் பக்கத்தில் நின்றார்களாம். அந்த ஆட்சியில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. 1993ல் குவியலைப் பிரித்தபோது புல்டோசர் விட்டு அள்ளவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, அளந்து, எண் போட்டு, சதுக்கத்திலேயே அடுக்குகளில் வைத்தார்கள். விழுந்து கிடந்த இடத்தை வைத்து, இது மேலே எங்கே இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். அப்படிச் சுமார் 3,800 பழைய கற்கள் திரும்பவும் சுவரேறின. சுவரில் கருப்பாகத் தெரிவது அவைதான். வடமேற்கு மூலையில் விழாமல் நின்ற படிக்கட்டுக் கோபுரத்தின் மிச்சமும் அப்படியே கருப்பாகப் புதுச் சுவரோடு சேர்ந்து நிற்கிறது.

அந்த மூலையில் ரொம்ப நேரம் நின்றேன். பழைய கல்லும் புதுக் கல்லும் சேரும் மூட்டில் கை வைத்துப் பார்த்தேன். பழைய கல்லின் விளிம்பு மழுங்கி, அங்கங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. புதுக் கல்லைச் சரியாக அந்த மழுங்கலுக்கு இழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய கல்லைச் செதுக்கிச் சமப்படுத்தவில்லை, பாப்பா. அதுதான் கைத்திறன். என் சர்வீஸில் எத்தனை மேஸ்திரிகளிடம் கெஞ்சியிருக்கிறேன், பழசை இடிக்காதே, புதுசை அதற்கு ஒத்து வை என்று. கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

கதவுகளுக்கு ஒரு கதை இருக்கிறது. ஓக் மரக் கதவுகளில் என்ன சிற்பம் இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கல்யாணமான ஜோடிகள் கோவில் வாசலில் நின்று படம் எடுத்திருப்பார்களே, அந்தப் பழைய படங்களைத் தாருங்கள் என்று ஜனங்களிடம் கேட்டார்கள். அந்தக் கல்யாணப் படங்களை வைத்துத்தான் கதவைச் செதுக்கினார்கள். நம் வீட்டு ஹாலில் தொங்கும் எங்கள் படத்திலும் பின்னால் புதிய எருசலேம் கோவில் கதவு தெரிகிறது, நினைவிருக்கிறதா? வந்ததும் அந்தப் படத்தை இறக்கித் துடைத்து மாட்டினேன்.

உள்ளே போனால் ஒரே வெளிச்சம். பழைய கோவில் என்றால் இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். மஞ்சளும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக, அடுக்கடுக்காக மாடிகள், எல்லாம் வட்டமாகப் பலிபீடத்தைப் பார்த்து. மேலே மாடத்தில் நான்கு சுவிசேஷகர்கள். பலிபீடத்தில் கெத்செமனேயில் ஜெபிக்கும் இயேசு. அதையும் உடைந்த துண்டுகளிலிருந்துதான் சேர்த்திருக்கிறார்கள், ஏறத்தாழ 2,000 துண்டுகள். மத்தியானம் ஆர்கன் வாசித்து ஜெபம் நடத்தினார்கள். ஜெர்மன் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ராகம் நம் ஞானப்பாட்டுக்காரனுக்கு அந்நியமாக இல்லை. 1736ல் இங்கே இசைமேதை பாக் வந்து வாசித்திருக்கிறார். அன்று இருந்த ஆர்கன் போய்விட்டது, இது புதிது.

பழைய கோபுரச் சிலுவையை உள்ளே வைத்திருக்கிறார்கள். கற்குவியலுக்குள் நசுங்கி, வளைந்து கிடந்து 1993ல் கிடைத்தது. நிமிர்த்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். இப்போது உச்சியில் நிற்கும் தங்கச் சிலுவையைச் செய்தவர் லண்டனைச் சேர்ந்த ஆலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர். அவருடைய அப்பா அந்த இரவு டிரெஸ்டன் மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். இதை எனக்கு மெதுவான ஆங்கிலத்தில் சொன்னது அங்கே தொண்டு செய்யும் ஒரு வயதான அம்மா. சொல்லிவிட்டுச் சிலுவையைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றார். நானும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றேன்.

கீழறைக்கும் போ. பேயரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அங்குள்ள கருப்புக் கல் பலிபீடத்தைச் செய்தவர் பம்பாயில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர்.

இன்னொன்று. கருப்புக் கல்லெல்லாம் நெருப்பில் கருகியது என்று நினைத்துவிடாதே. அந்த மணற்கல்லில் இரும்புச் சத்து இருக்கிறது. காற்றும் மழையும் பட்டுப் பட்டு அது தானாகவே கருக்கும். இப்போது வெளுப்பாகத் தெரியும் புதுக் கற்களும் கருத்துக்கொண்டுதான் வருகின்றன. உனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் பார்க்கும்போது எது பழசு, எது புதுசு என்று பிரிப்பது இப்போதைவிடக் கஷ்டமாக இருக்கும். அதனால் இப்போதே போய்ப் பார்த்துவிடு.

லீவு நாளில் மத்தியான ஆர்கன் நேரத்துக்குப் போ, நேரத்தை முதலில் விசாரித்துக்கொள். மாடத்துக்கு ஏற வேறு வாசல், டிக்கெட் உண்டு. மேலே 67 மீட்டர் உயரத்தில் நின்றால் எல்பே நதி நன்றாகத் தெரியும். வழியில் ஒரு பகுதி சுற்றிச் சுற்றிச் சரிவாகப் போகும் பாதை. எனக்கே மூச்சு வாங்கவில்லை. கீழே வந்ததும் வடமேற்கு மூலைக்குப் போய் அந்த மூட்டில் கை வைத்துப் பார். நான் வைத்தது உன் தோள் உயரத்தில் இருக்கும்.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள். ஆகஸ்டில் ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா