இலையுதிர்கால மான் கண்காணிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தென்மேற்கு விஸ்கான்சினில் நம் உறுப்பினர்களின் காட்டுநிலங்களில் செப்டம்பர் முதல் நவம்பர் முடிய, மரங்களில் கட்டிய தானியங்கிக் கேமராக்கள் மூலம் நடந்த வெண்வால் மான் கண்காணிப்பின் விவரத்தை இப்பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

அக்டோபரில் படங்கள் குறைந்ததும், “மானுக்கு நோய் வந்துவிட்டதா?” என்று பலர் கேட்டீர்கள். மான்கள் எங்கும் போய்விடவில்லை. நம் கேமராக்கள் சோயா வயல் ஓரத்தில் இருந்தன. வெள்ளை ஓக் கொட்டைகள் உதிர ஆரம்பித்ததும் மான்கள் மேட்டுக்காட்டுக்குள் ஏறிவிட்டன. துவர்ப்புக் குறைந்த அந்தக் கொட்டை இருக்கும்வரை சிவப்பு ஓக் கொட்டைகூட அவற்றுக்கு இரண்டாம்பட்சம்தான். சில கேமராக்களை ஓக் மரங்களடிக்கு மாற்றிக் கட்டியதும் படங்கள் பழையபடி வந்தன. ஒரே பெட்டை மான் ஓர் இரவில் பல முறை கேமராவைக் கடக்கும். ஆகவே மொத்தப் படக் கணக்கை இந்த அறிக்கையில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது மந்தையின் அளவைச் சொல்லாது.

ஆண் மான்களை மட்டும் ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கொம்பின் மேல்தோல் உரிந்துவிடும். குளிர்காலத்தில் கொம்பு விழும்வரை அதன் கிளைகளும் வளைவும் மாறுவதில்லை. பெட்டைகளுக்கு அப்படி அடையாளம் இல்லை. ஆணுக்கு எத்தனை பெட்டை, பெட்டைக்கு எத்தனை குட்டி என்ற விகிதம்தான் போட முடியும். குட்டிகளின் புள்ளிகள் மறைந்த பிறகு குட்டையான முகத்தை வைத்துப் பிரிக்க வேண்டியிருப்பதால், குட்டி விகிதத்துக்குச் செப்டம்பர் படங்களையே எடுத்துக்கொண்டோம்.

தீனி போட்டுப் படமெடுத்தால் கணக்கு சுலபம் என்று சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் நம் பகுதியில் 2002இல் கண்டறியப்பட்டது. எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும் நோய் அது. ஒரே இடத்தில் பல வாய்கள் கூடினால் என்ன ஆகும்? தீனி போட இங்கே சட்டமும் இடம் தரவில்லை. தொடக்கநிலை நோயைப் படத்தில் காண முடியாது. ஆகவே வேட்டையாடிய மானின் நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுக்கும்படி வேட்டைக்காரர்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வாண்டின் நல்ல பதிவு நவம்பர் முதல் வாரத்தில், வடக்குச் சரிவில் கிடைத்தது. வலக் காது கிழிந்த பெரிய ஆண் மான் தாழ்ந்த கிளையின் நுனியை வாயில் கவ்வி மெல்லுகிறது, நெற்றியைத் தேய்க்கிறது, முன்காலால் சருகை வாரி மண்ணைக் கீறுகிறது; பிறகு பின்கால்களின் உட்புறத்தைச் சேர்த்துவைத்து அவற்றின் மேலேயே சிறுநீர் கழிக்கிறது. அதே கிளையை மறுநாள் ஓர் இளம் மான் முகர்ந்து பார்த்துவிட்டு நழுவுகிறது. இணைசேரும் பருவத்தில் மான்கள் வாசனையால் செய்தி விட்டுச்செல்லும் முகவரிப் பலகை என்றே அந்தக் கிளையைச் சொல்லலாம். மான்கள் மிரளாமல் இதைப் படமெடுக்கவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் கேமராவை அங்கே வைத்திருந்தோம்.

நவம்பர் 2 அன்று கோடைகால நேரம் முடிந்து கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின. சில கேமராக்கள் மாற்றப்பட்டன, சில மாற்றப்படவில்லை. விடியற்கால நடமாட்ட அட்டவணையைச் சரிசெய்யப் பெரும்பாடாயிற்று. அடுத்த ஆண்டு எல்லாக் கேமராக்களும் பருவம் முழுவதும் குளிர்கால நேரத்திலேயே ஓடும். குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுவதால் லித்தியம் பேட்டரி வாங்கத் தீர்மானம் வருகிறது. லென்ஸ் வடக்கு நோக்கி இருக்கட்டும்; சூரியன் நேரே அடித்த படங்களைப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

ஒரு கேமரா களவு போயிற்று. மனிதர்கள் விழுந்த படங்கள் வழக்கம்போல் பார்த்தவுடன் அழிக்கப்பட்டன.

நவம்பர் 22இல் தொடங்கிய ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக்கு முன்பே பெரும்பாலான கேமராக்களைக் கழற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. மெமரி கார்டை இன்னும் ஒப்படைக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரவும். உறையின் மேல் கேமரா எண்ணும் மரத்தின் இடமும் எழுதியிருக்க வேண்டும்.